காற்றுப்பையும் கிராமத்துப் பட்டறையும்

மோட்டார் வண்டியில் பிரயாணம் செய்வோரின் உயிரைக் காக்க விஞ்ஞானம் வழங்கியுள்ள சாதனங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஏர்பேக் என்று யாவரும் வழங்கும் காற்றுப்பை. வண்டி மோதுண்ட கணத்தில் விரிந்து, ஓட்டுபவரின் தலையும் மார்பும் ஸ்டியரிங் சக்கரத்தில் சென்று தாக்காதவாறு தாங்குவது இதன் தொழில். இதன் நன்மையைப்பற்றி நாளிதழ்களும் விளம்பரங்களும் போதிய அளவு கூறியுள்ளன. ஆனால், இச்சாதனம் பொருத்தப்பெற்ற வண்டியைப் பழுதுபார்ப்பவருக்கு அதனால் நேரக்கூடிய அபாயத்தைப்பற்றியும், அவருடைய அறியாமையால் பின்னர்ப் பிரயாணிக்கு நேரக்கூடிய அபாயத்தைப்பற்றியும் நம் மொழியில் எடுத்துரைப்போர் அரியர். அக்குறையைச் சிறிதேனும் நீக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குன்னத்துகால் என்பது கேரள மாநிலத்தில், திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஒரு கிராமம். பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடையே, ரப்பர்த் தோட்டங்களும் கருங்கற் குன்றுகளும் உள்ள பகுதியில் அமைந்தது. சிறிது தொலைவில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எல்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அக்கோடு ஆட்சியைப் பிரித்ததேயன்றி மக்களின் அன்றாட வாழ்வைப் பிரிக்கவில்லை. இங்குள்ள சாலையோரப் பட்டறை ஒன்றில் அரைமணி நேரம் நின்றால், கே.எல். 19, கே.எல். 20 என்னும் எண் தாங்கிய பாறசாலை, நெய்யாற்றின்கரை வண்டிகளும், டி.என். 74, டி.என். 75 என்னும் எண் தாங்கிய நாகர்கோவில், மார்த்தாண்டம் வண்டிகளும் ஒருங்கே நிற்கக் காணலாம். தமிழும் மலையாளமும் ஒரே வாயில் மாறிமாறி ஒலிக்கக் கேட்கலாம். வண்டியின் முன்கண்ணாடி அருகே ஒட்டப்பட்டுள்ள காற்றுப்பை எச்சரிக்கை மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

இப்பொருளை இப்பொழுது பேச வேண்டிய காரணம் ஒன்று உண்டு. காற்றுப்பை இன்று செல்வர் வண்டிக்கு மட்டும் உரியதன்று. மத்திய அரசின் ஆணைப்படி, 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றிலும் ஓட்டுபவருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. முன் இருக்கையில் அவருக்கு அருகே அமர்வோருக்கும், புதிய மாதிரிக் கார்களில் 2021 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையிலிருந்த மாதிரிகளில் அவ்வாண்டின் இறுதியிலிருந்தும் அது கட்டாயமாயிற்று. இவ்வாணைகளின் பயனாய் வந்த முதல் வண்டிகள் இப்பொழுது உத்தரவாதக் காலத்தைக் கடந்துவிட்டன. சொந்தக்காரர் கம்பெனிப் பணிமனையை விட்டு ஊர்ப் பட்டறையை நாடும் பருவம் இது. சட்டம் காற்றுப்பையைக் கிராமத்துக்குக் கொணர்ந்துவிட்டது. அதனைக் கையாளும் அறிவு இன்னும் வந்துசேரவில்லை.

அண்மையில் இப்பகுதிப் பட்டறை ஒன்றில் யான் கண்ட நிகழ்ச்சியை இங்குக் கூறுவது பொருந்தும். ஒரு காரின் ஹாரன் ஒலிக்கவில்லை. இளைஞரான தொழிலாளி பாட்டரியைக் கழற்றாமலே ஸ்டியரிங் சக்கரத்தின் நடுமூடியைப் பெயர்த்தெடுத்தார். அதன் பின்னே தோன்றிய மஞ்சள்நிறக் கம்பியைச் சோதனை விளக்கால் தொடப் போனார். ஹாரனுக்குரிய கம்பி எது என்று தேடுவதே அவர் எண்ணம். அருகே ஒரு முதியவர் தம் ஆட்டோவின் வேலை முடியக் காத்திருந்தார். முன்னாளில் கல்குவாரியில் பாறைக்கு வெடிவைத்துப் பழகியவர் அவர். “அது எதற்குள்ள கம்பி, மக்களே?” என்று வினவினார். “ஏர்பேக் கம்பி, மாமா” என்று விடை வந்தது. “அது வெடிக்கிற சாமான் அல்லவா? பாட்டரியைக் கழற்றிவிட்டுத் தொட வேண்டாமா?” என்றார் முதியவர். இளைஞர் கையை எடுத்துக்கொண்டார். மோட்டார் நூல் எதனையும் படித்திராத அம்முதியவர் கேட்ட கேள்வி முற்றும் சரியான கேள்வி. நம் பட்டறைகளில் இவ்வறிவு இல்லாமல் இல்லை. அது வேறொரு தொழிலில் தேங்கிக் கிடக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

பெயரால் வரும் மயக்கம்

காற்றுப்பை என்னும் பெயரே தொழிலாளியை ஏமாற்றுகிறது. காற்று என்றதும் அவருக்குச் சக்கரத்தின் டியூபும் காற்றடிக்கும் பம்பும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் இப்பைக்குள் காற்று அடைக்கப்பட்டிருப்பதில்லை. அமெரிக்க எஞ்சினீயர் ஜான் ஹெட்ரிக் என்பவர் 1953ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றபோது, அழுத்தப்பட்ட காற்றினால் பையை நிரப்புவதே அவர் கருத்து. ஜெர்மனியில் வால்ட்டர் லிண்டரர் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்தகைய கருத்தையே வெளியிட்டார். ஆனால் வண்டி மோதிய கணத்துக்கும், ஓட்டுபவரின் தலை முன்னே சென்று தாக்கும் கணத்துக்கும் இடையே உள்ள காலம் மிகச் சிறிது. அழுத்தக் காற்று அதற்குள் பையை நிரப்பவல்லதாக இல்லை. ஆகவே, பின்வந்த விஞ்ஞானிகள் வெடிமருந்தின் துணையை நாடினர். மோதலை உணரும் கருவியைத் திருத்தியமைப்பதில் ஆலன் பிரீட் என்னும் அமெரிக்கர் 1960களின் பிற்பகுதியில் செய்த வேலை குறிப்பிடத்தக்கது. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் வண்டிகளில் இன்றைய வடிவினதான காற்றுப்பை இடம்பெற்றது.

இன்றைய காற்றுப்பை தொழிற்படும் முறை வருமாறு: ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவே ஓர் உலோகக் குப்பியும், அதன்மேல் மடித்து வைக்கப்பட்ட நைலான் பையும் உள்ளன. குப்பிக்குள் விரைந்து எரிந்து வாயுவை உண்டாக்கும் ரசாயனப் பொருள் இருக்கிறது. நெடுங்காலம் சோடியம் அஸைடு என்னும் நச்சுப்பொருள் இதற்குப் பயன்பட்டது. எரியும்போது அது நைட்ரஜன் வாயுவைத் தரும். பிற்கால வண்டிகளில் குவானிடின் நைட்ரேட் போன்ற பொருள்கள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. குப்பியினுள் மெல்லிய மின்கம்பித் திரி ஒன்று உண்டு. அதன் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். 1.2 ஆம்பியர் அளவு மின்னோட்டம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம் பாய்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். மோதிய கணம் முதல் பை முற்றும் விரிவதற்குச் செல்லும் காலம் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு அளவேயாம். கண் இமைக்கும் நேரத்தினும் குறைவு. விரியும் பையின் முகப்பு மணிக்கு 300 கிலோமீட்டர் அளவினை எட்டும் வேகத்தில் வெளிவருகிறது.

இவற்றை நோக்கினால், இது காற்றுப்பையன்று, மின்சாரத்தால் பற்றவைக்கப்படும் ஒரு வெடிகருவியே என்பது தெளிவாகும். ஐக்கிய நாடுகள் வகுத்துள்ள அபாயப் பொருள்களின் பட்டியலிலும் இதற்கென 3268 என்னும் தனி எண் வழங்கப்பட்டுள்ளது. பெல்ட் அணிந்து, சரியான தொலைவில் அமர்ந்தவருக்கு இது காவல். அதன்மேல் குனிந்து திருகாணியைக் கழற்றுபவரின் முகத்துக்கும் கைக்கும் இது அவ்வாறன்று.

குவாரித் தொழில் கற்பித்த விதிகள்

குன்னத்துகால் பகுதியின் முதியோர் பலருக்குக் கல்குவாரி வெடிவேலை புதிதன்று. அண்மைக்காலம் வரை நம் நாட்டில் பாறை பிளப்பதற்கு மின் டெட்டனேட்டர்கள் பெரிதும் பயன்பட்டன. அவற்றைக் கையாண்டோர் கைக்கொண்ட விதிகளையும், காற்றுப்பையைக் கையாளும் விதிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் இரண்டும் ஒன்றே என்பது விளங்கும்.

முதல் விதி: டெட்டனேட்டரின் இரு கம்பி முனைகளையும் இணைக்கும் நேரம்வரை ஒன்றோடொன்று முறுக்கியே வைத்திருப்பர். முனைகள் சேர்ந்திருந்தால், எங்கிருந்தோ வரும் சிறு மின்சாரமும் மருந்தைப் பற்றவைக்காது. காற்றுப்பையின் மஞ்சள் இணைப்பானுக்குள்ளும் இதே ஏற்பாடு உண்டு. இணைப்பானைப் பிரித்த உடனே, அதனுள் உள்ள சிறு உலோக வில் திரியின் இரு முனைகளையும் தானே சேர்த்துவிடுகிறது. இணைப்பானை வெட்டியெறிந்து வெறும் கம்பியை முறுக்கி ஒட்டுப்போடுபவர் அக்காவலை அழித்தவராகிறார்.

இரண்டாம் விதி: டெட்டனேட்டரைச் சாதாரண மீட்டராலோ டார்ச் பல்பாலோ சோதிக்க மாட்டார்கள். மிகச் சிறு மின்னோட்டம் மட்டும் செலுத்தும் தனிக்கருவியே அதற்கு உரியது. காற்றுப்பைத் திரியும் அவ்வாறே. பட்டறையிலுள்ள சோதனை விளக்கு, அதன் பல்பின் திறனுக்கேற்ப, ஓர் ஆம்பியருக்கு மேலும் மின்சாரம் செலுத்தக்கூடும். திரி பற்ற அதுவே போதும். ஆகவே காற்றுப்பைக் குப்பியின்மீது மீட்டரையோ சோதனை விளக்கையோ ஒருபோதும் வைத்தலாகாது. தயாரிப்பாளர் குறித்த கணினிக் கருவியினால் மட்டுமே அதன் நிலையை அறிதல் வேண்டும்.

மூன்றாம் விதி: வெடிக்கும் பொறியின் கைப்பிடியை வெடிவைப்பவர் தம்மிடமே வைத்திருப்பார், பாறையருகே ஆள் நிற்கும்வரை பிறர் கையில் கொடார். பட்டறையிலும் வண்டிச் சாவி வேலை செய்பவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும்; பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அது தானே திரும்பிப் படாதவாறு துணி சுற்றி ஒதுக்கிவைக்க வேண்டும்.

நான்காம் விதி: வெடி வெடிக்காமற் போனால் உடனே அருகே செல்ல மாட்டார்கள், விதித்த நேரம் காத்திருப்பர். காற்றுப்பைக்கும் இத்தகைய காத்திருப்பு உண்டு. விபத்தில் பாட்டரி நசுங்கி மின்சாரம் அற்றுப்போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. தொழிலாளர் இதனைக் கண்டென்சர் என்பர். பாட்டரியைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் மின்சாரத்தைத் தாங்கி நிற்கும். அது வடியும்வரை காத்திருத்தல் வேண்டும். இக்காலம் வண்டிக்கு வண்டி வேறுபடும். சில தயாரிப்பாளர் ஒன்றரை நிமிடம் என்பர். சிலர் மூன்று நிமிடம் என்பர். பத்து நிமிடம் என்பாரும் உளர். அவ்வண்டியின் கையேடு சொல்லும் காலமே கொள்ளத்தக்கது. பாட்டரியைக் கழற்றியவுடன் வேலையைத் தொடங்குபவர், வெடிக்காத வெடியின் அருகே விரைந்து செல்பவரை ஒப்பர்.

பட்டறையில் கைக்கொள்ள வேண்டுவன

இனி, வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டுவன சிலவற்றைக் கூறுவோம். ரேடியோவின் நினைவு அழியாதிருக்க வேண்டும் என்று சிலர் வேறொரு சிறு பாட்டரியை வண்டியில் இணைத்து வைப்பதுண்டு. காற்றுப்பை அருகே வேலை செய்கையில் இவ்வழக்கம் முற்றும் விலக்கத்தக்கது. மின்சாரம் ஒரு வாயிலால் நீங்கி மறு வாயிலால் நுழைந்துவிடும்.

கழற்றிய காற்றுப்பையைத் தூக்கிச் செல்லும்போது, மேல்மூடி உடலுக்கு எதிர்ப்புறமாக நோக்கியிருக்கப் பிடிக்க வேண்டும். மேசைமேல் வைக்கும்போது மேல்மூடி வானை நோக்கியிருக்க வேண்டும். அதன்மேல் யாதொரு பொருளும் வைத்தலாகாது. குப்புற வைத்தது தற்செயலாய் வெடித்தால், கனத்த உலோகக் குப்பியே மேலெழுந்து பாயும். மேல்நோக்கி வைத்தது வெடித்தாலோ பை விரிந்து அடங்கும்.

ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே, கிளாக் ஸ்பிரிங் எனப்படும் சுருள்பட்டை வழியாகவே காற்றுப்பைக்கு மின்சாரம் செல்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அச்சுருளை நடுநிலையில் நிறுத்தாவிடில், வண்டி முதல் வளைவில் திரும்பும்போதே பட்டை அறுந்துபோகும். முன்புறம் உள்ள மோதல் உணர்கருவிகளைத் திரும்பப் பொருத்துகையில், அவற்றின்மேல் உள்ள அம்புக்குறி காட்டும் திசையை மாற்றலாகாது. குறித்த முறுக்கத்தினும் தளர்வாக முடுக்குதலும் ஆகாது. வெல்டிங் செய்யுமுன் பாட்டரியைக் கழற்றுவதும், பெயின்ட் உலர்த்தும் சூட்டறைக்கு வண்டியை அனுப்புமுன் காற்றுப்பைபற்றிக் கையேடு கூறுவதைப் பார்ப்பதும் அவசியம். பக்கக் காற்றுப்பை உள்ள இருக்கைக்குக் கண்ட உறையைத் தைத்துப் போர்த்துதலும் தகாது. பை வெளிவரும் வழி அதனால் அடைபடும்.

விபத்தில் விரிந்துவிட்ட பையைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். சிறிது நேரம் அதன் உலோகப் பகுதிகள் கடுஞ்சூடாயிருக்கும். சுற்றிப் படிந்துள்ள வெண்பொடி கண்ணையும் தோலையும் எரிக்கும் இயல்புடையது. ஆதலின் கையுறையும் கண்ணாடியும் அணிந்தே துப்புரவு செய்தல் நலம். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும். ஒருமுறை விரிந்த பையை மடித்து மீண்டும் திணித்தல் ஒருபோதும் கூடாது. அது வெறுந் துணியேயன்றிக் காவலாகாது.

விளக்கை அணைப்பது பழுதை நீக்குவதாகாது

மேற்கூறியவை பெரும்பாலும் தொழிலாளியின் உயிரைப்பற்றியவை. இனிக் கூறப்போவது பிறர் உயிரைப்பற்றியது. சாவியைத் திருப்பியதும், காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு சில விநாடி ஒளிர்ந்து அணைதல் வேண்டும். அவ்வாறு அணையாது ஒளிர்ந்துகொண்டே இருந்தால், காற்றுப்பை அமைப்பில் பழுது உண்டு என்பது பொருள். வண்டியைக் கொணர்ந்தவர், ‘விளக்கை அணைத்துத் தாருங்கள்’ என்றே பெரும்பாலும் கேட்கிறார். பட்டறைக்காரரும் விளக்கை அணைத்துத் தந்துவிடுகிறார். விரிந்துபோன காற்றுப்பையின் இடத்தில் ஒரு சிறு மின்தடைத் துண்டைப் பொருத்தி, கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏமாற்றும் தந்திரம் உலகெங்கும் உண்டு. பல்பையே பிடுங்கியெறிவாரும் உளர். 2024இல் டெல்லியில் போலீசார் பல கம்பெனிகளின் பெயர் தாங்கிய போலிக் காற்றுப்பைகளை நூற்றுக்கணக்கில் கைப்பற்றினர் என்னும் செய்தி, இவ்வாணிகம் எவ்வளவு பெருகியுள்ளது என்பதைக் காட்டும்.

இத்தந்திரத்தை வெறும் வியாபாரப் பொய்யாகக் கருதிவிட முடியாது. பழுதடைந்த பிரேக்கை ஓட்டுபவர் அன்றே உணர்வார். பழுதடைந்த காற்றுப்பையை உணரும் நாள் அவர் வாழ்வில் ஒன்றே ஒன்று. அதுவும் கடைசி நாளாக இருக்கலாம். பணமில்லாதவர் புதிய பை வாங்க இயலாதிருக்கலாம். அதற்கு வழி, விளக்கை எரியவிட்டு, ‘இவ்வண்டியில் காற்றுப்பை வேலை செய்யாது, பெல்ட் அணிந்தே ஓட்டுங்கள்’ என்று நேரே சொல்லி அனுப்புவதே. காற்றுப்பை பெல்ட்டுக்குத் துணையேயன்றி, பெல்ட்டுக்கு மாற்றன்று. பெல்ட் அணிந்தவர் காற்றுப்பை இல்லாமலும் பிழைக்க இடமுண்டு. எரியும் விளக்கு உண்மை பேசுகிறது. அதன் வாயை அடைத்தவர், பின்னர் அவ்வண்டியைப் பழையதாய் வாங்குபவருக்கும் பொய் சொல்லியவராகிறார்.

ஈரமும் வெப்பமும்

நம் பகுதிக்கென்று சிறப்பாகக் கூறவேண்டுவது ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பொழியும் நிலம் இது. இடையே வெப்பமும் குறைவில்லை. ஈரமும் வெப்பமும் மாறிமாறி வருதல் காற்றுப்பைக்கு எத்துணைக் கேடு என்பதை டக்காட்டா நிறுவனத்தின் வரலாறு உலகுக்குக் காட்டியது. ஜப்பானைச் சேர்ந்த இந்நிறுவனம் தன் குப்பிகளில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. குவாரி வெடிமருந்திலும் இடம்பெறும் பொருளே இது. பல ஆண்டுகள் ஈரத்திலும் வெப்பத்திலும் கிடந்தால் இம்மருந்தின் வில்லைகள் நிலைகுலைகின்றன. பற்றும்போது வேண்டிய அளவினும் விரைந்து எரிகின்றன. குப்பியே சிதறி, உலோகத் துண்டுகள் பிரயாணியின்மேல் பாய்கின்றன. அமெரிக்காவில் வெப்பமும் ஈரமும் மிக்க தென்பகுதிகளில் இக்கேடு மிகுதியாய்க் காணப்பட்டது. தமிழர் பெருந்தொகையினராய் வாழும் மலேசியாவிலும் இதனால் உயிர்கள் பல போயின. உலகெங்கும் கோடிக்கணக்கான குப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. 2017 ஜூன் மாதத்தில் அந்நிறுவனம் திவாலாயிற்று. நம் நாட்டிலும் ஹோண்டா முதலிய கம்பெனிகள் இக்குப்பி பொருத்திய பழைய வண்டிகளைத் திரும்ப அழைத்து, விலையின்றி மாற்றித் தந்தன.

இவ்வழைப்பு கைமாறிய வண்டியின் சொந்தக்காரரை எட்டுவதில்லை. கடிதம் முதலில் வாங்கியவரின் முகவரிக்குச் சென்றுவிடும். வண்டியை உண்மையில் அறிந்தவர் ஊர்ப் பட்டறைக்காரர்தாம். சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் வலைத்தளத்தில் பதிந்தால், அவ்வண்டி திரும்ப அழைக்கப்பட்டதா என்பது சில நிமிடங்களில் தெரியும். பழைய வண்டி ஒன்று பட்டறைக்குள் நுழையும்போது இதனைப் பார்த்துச் சொல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஓர் உயிரைக் காத்த புண்ணியம் உண்டு.

வெள்ளத்தைப்பற்றியும் ஒரு சொல். 2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். காற்றுப்பையின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் முன் இருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டி அமைந்துள்ளது. வண்டிக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தாலே அது மூழ்கிவிடும். அவ்வாறு மூழ்கிய வண்டியைக் கழுவி உலர்த்தி ஓடச் செய்துவிட்டால் மட்டும் போதாது. அதன் காற்றுப்பை அமைப்பைக் கருவியால் சோதித்து, வேண்டியவற்றை மாற்றிய பின்னரே சொந்தக்காரரிடம் ஒப்படைத்தல் முறை.

வெடிக்காத காற்றுப்பையோடு வண்டிகள், ஆக்கர் கடை என இவ்வட்டாரத்தில் வழங்கும் பழைய இரும்புக் கடைக்குச் செல்வதும் உண்டு. அங்கே தீக்குழாயால் இரும்பை வெட்டுபவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. குவாரியில் வெடிக்காத தோட்டாவைக் குப்பையில் எறிவாரா? காற்றுப்பைக் குப்பியையும் அவ்வாறே கருத வேண்டும். பயிற்சி பெற்றோர், தொலைவில் நின்று முறைப்படி வெடிக்கச் செய்த பின்னரே, அதனைப் பழைய இரும்பாகக் கொள்ளலாம். பழைய வண்டிகளைப் பிரித்தழிக்கும் நிலையங்களுக்கென 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகளை வகுத்துள்ளது. பதிவுபெற்ற அந்நிலையங்களுக்கு வண்டியை அனுப்புவதே தக்கது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

‘இத்துணை அபாயமான வேலையைக் கிராமத்துப் பட்டறைக்கு ஏன் கற்பிக்க வேண்டும்? கம்பெனிப் பணிமனை மட்டுமே தொட வேண்டும் என்று தடுத்துவிடலாகாதா?’ என்று சிலர் வினவக்கூடும். இது நல்லெண்ணத்தில் எழுந்த வினாவே. காற்றுப்பையை மாற்றுதலும், அதன் கம்பிகளைச் செப்பனிடுதலும் பயிற்சியும் கருவியும் உடையோர்க்கே உரியவை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஹாரனைச் சீராக்கவும், ஸ்டியரிங்கைத் திருத்தவும், குளிர்சாதனத்தின் விசிறியை மாற்றவும், இருக்கையைக் கழற்றிக் கழுவவும் ஒருவர் காற்றுப்பையின் அருகே கை வைத்தே ஆகவேண்டும். இவ்வேலைகள் ஊர்ப் பட்டறையில் நாள்தோறும் நடைபெறுவன. தடை விதித்தால் வேலை நிற்காது, அறியாமையோடு நடைபெறும். குவாரியில் வெடிவைக்கும் உரிமை ஒருவருக்கே உண்டு. ஆயினும் சிவப்புக் கொடியின் பொருளை அங்குக் கல் சுமப்பவரும் அறிந்திருத்தல் வேண்டுமல்லவா? ஆகவே, கிராமத்துத் தொழிலாளி கற்க வேண்டுவன மூன்று: மஞ்சள் கம்பியை அடையாளம் காணுதல், அதனருகே வேலை செய்யுமுன் மின்சாரத்தை நீக்கிக் காத்திருத்தல், தன் வேலை எங்கே முடிந்து பிறர் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்து நிறுத்துதல். இவற்றைக் கற்பிக்க ஒரு நாள் போதும்.

தடையாக நிற்பது மொழியே. தயாரிப்பாளரின் கையேடு ஆங்கிலத்தில் உள்ளது. அதுவும் பல சமயம் தம் பணிமனைக்கு மட்டும் உரியது என்று பூட்டி வைக்கப்படுகிறது. உயிர்காக்கும் குறிப்பை இரகசியமாக வைத்தல் நியாயமன்று. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்னும் ஒரே ஒரு வாக்கியத்தை, வண்டியின் பானெட்டுக்குக் கீழே, அந்தந்த மாநில மொழிகளில் அச்சிட்டு ஒட்டுவது கம்பெனிகளுக்குப் பெருஞ்செலவாகாது. அரசு இதனைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. இரு மொழி வழங்கும் எல்லைப்புறத்தில் தமிழிலும் மலையாளத்திலும் அது அமைதல் வேண்டும்.

ஆசிரியரும் களப்பணியாளரும்

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தொழிற்பயிற்சிப் பள்ளி ஆசிரியர்கள் மோட்டார் மெக்கானிக் வகுப்பில் இதற்கென ஒரு பாடவேளையை ஒதுக்கலாம். முறைப்படி வெடிக்கச் செய்த வெற்றுக் காற்றுப்பை ஒன்றும், மஞ்சள் இணைப்பான் ஒன்றும் போதிய கருவிகளாகும். இணைப்பானைப் பிரித்து உள்ளேயுள்ள உலோக வில்லை மாணவர் கண்ணாரக் காணுமாறு செய்தால், அவர்கள் அதனை வாழ்நாளில் மறவார். குவாரி வேலையில் முதிர்ந்த ஒருவரை அழைத்து அவர் அனுபவத்தைச் சொல்லச் செய்தால், பாடம் இன்னும் உயிர்பெறும். தந்தையின் தொழிலறிவு மகனின் தொழிலுக்குப் பயன்படும் அரிய வாய்ப்பு அது.

களப்பணியாளர்கள் தம் வட்டாரப் பட்டறைகளுக்குச் செல்லும்போது ஒரு தாளில் ஐந்து வரி எழுதிச் சுவரில் ஒட்டச் செய்யலாம்: சாவியை எடு, பாட்டரியைக் கழற்று, கையேட்டில் உள்ள நேரம் காத்திரு, மஞ்சள் கம்பியைச் சோதிக்கவோ ஒட்டுப்போடவோ செய்யாதே, கழற்றிய பையை மேல்நோக்கி வை. இவ்வைந்தும் சுவரில் இருந்தால், ஹாரன் பழுதுக்கு வந்த வண்டியால் ஓர் இளைஞர் கண்ணிழக்க நேராது.

பள்ளி ஆசிரியர்கள் பெற்றோருக்குச் சொல்ல வேண்டுவதும் ஒன்று உண்டு. 2024இல் மலப்புறம் மாவட்டத்தில் தாயின் மடியில் முன் இருக்கையில் இருந்த குழந்தையும், 2025இல் திருப்போரூர் அருகே தந்தையின் மடியில் இருந்த சிறுவனும், விரிந்த காற்றுப்பையினால் தாக்குண்டு இறந்தனர். பெரியவரைக் காக்கும் விசை சிறுவரைக் கொல்லவல்லது. குழந்தைகளுக்குரிய இடம் பின் இருக்கையே. காற்றுப்பையின் மூடிமேல் சாமி சிலையும் பூந்தொட்டியும் ஒட்டிவைப்பதும் நம்மவரிடையே உள்ள வழக்கம். பக்தி குறித்து எவரும் குறைகூறார். ஆனால் பை விரிந்தால் அச்சிலை கல்லெனப் பாயும். அதனை வேறிடத்தில் வைத்து வணங்குவதால் பக்தி குறையாது.

வண்டிகளில் காற்றுப்பையைக் கட்டாயமாக்கிய அரசு தன் கடமையில் ஒரு பாதியைச் செய்துள்ளது. அதனைப் பொருத்திய தொழிற்சாலையும் தன் பங்கினைச் செய்துள்ளது. எஞ்சிய பாதி, எண்ணெய்க் கறை படிந்த கைகளிடம் இருக்கிறது. அக்கைகளுக்கு வேண்டிய அறிவைத் தாய்மொழியில் கொண்டுசேர்ப்பது ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் உரிய கடமை. குன்னத்துகாலின் முதியவர் கேட்ட கேள்வியை, ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வோர் இளைஞரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளும் நாளே இக்கடமை நிறைவேறிய நாளாகும். அந்நாளை விரைவில் காண்பதற்கு அன்பர்கள் அனைவரும் முன்வருவார்களாக.